கசடின் கணிதம்: ஒரு மாதிரியின் பேச்சும் மௌனமும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வருகிற சில்லறை வேலைகளில் ஒன்று, பொறியியல் முனைவர் ஆய்வேடுகளுக்குத் தமிழில் ஆய்வுச் சுருக்கம் எழுதித் தருவது. ஆய்வேடு முழுக்க ஆங்கிலம். விதிப்படி முன்னால் நாலு பக்கம் தமிழ் இருந்தாக வேண்டும். யாரும் படிக்கப்போவதில்லை என்பது எழுதுகிறவனுக்கும் தெரியும், எழுதச் சொல்கிறவருக்கும் தெரியும். அப்படித்தான் சில ஆண்டுகளுக்கு முன் 'காற்றில்லாச் செரிமானத்தின் கணித மாதிரியாக்கம்' என் மேஜைக்கு வந்தது. நகரத்துச் சாக்கடைக் கசடு மூடிய தொட்டிக்குள் எப்படி அழுகி வாயுவாகிறது என்பதைச் சமன்பாடுகளில் சொல்கிற வேலை. நான் வழக்கம்போலப் பொருள் புரியாமலேயே மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். 'சப்ஸ்ட்ரேட்' என்று வந்த இடத்திலெல்லாம் 'அடித்தளம்' என்று போட்டுவைத்தேன். மார்க்சியம் பேசிப் பழகிய கைக்கு வேறென்ன வரும்? ஆய்வு மாணவர் படித்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, அது அடித்தளம் இல்லண்ணே. பாக்டீரியாவோட சாப்பாடு."

மலம், கழிவு, உடல், விளிம்பு என்று கடந்த முப்பது ஆண்டுகளில் சிறுபத்திரிகைகளில் நாம் எழுதித் தள்ளியிருப்பது கொஞ்சமல்ல. பத்தாயை இழுத்திருக்கிறோம், கிறிஸ்தேவாவை இழுத்திருக்கிறோம். ஆனால் நாம் கழித்தது குழாயில் இறங்கிய பிறகு என்னவாகிறது என்று உருப்படியாக ஒரு பத்தி நம்மால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. அந்த வெட்கத்தில் மாணவரிடம் சில வாரங்கள் பாடம் கேட்டேன். கேட்டதைச் சொல்வதும், கேட்டபோது தோன்றியதைச் சொல்வதும் இந்தக் கட்டுரை.

முதலில் 'மாதிரி' என்ற சொல். சோதனைக்காகப் பாட்டிலில் பிடிக்கிற கசடும் மாதிரி. கணினிக்குள் ஓடும் சமன்பாட்டுத் தொகுதியும் மாதிரி. 'அவன் மாதிரி இவன்' என்கிற உவம உருபும் மாதிரி. இந்த மூன்றாவதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு நான்கு வகை சொல்லும்: வினை, பயன், மெய், உரு. நான்கிலும் ஒத்திருந்தாக வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. கணித மாதிரி வினையாலும் பயனாலும் மட்டும் தொட்டியை ஒத்திருக்கிற உவமை. அதன் உருவத்தில் நாற்றமில்லை. 'மாதிரி யதார்த்தத்தைக் குறுக்குகிறது' என்று நம்மவர்கள் கோபப்படும்போது, உவமையிடம் போய் 'நீ ஏன் பொருளாகவே இல்லை' என்று கேட்பதாகத்தான் எனக்குப் படுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொட்டிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் கழிவுநீரில் கனமானவை அடியில் படிகின்றன; மிச்ச நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களும் பெருகிப் பெருகி ஒரு பங்கு கசடாகின்றன. இரண்டையும் கெட்டியாக்கி, காற்றுப்புகாத பெரிய தொட்டிக்குள் செலுத்தி, 35 டிகிரி வெப்பத்தில் இருபது நாள் போல வைத்திருக்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இப்படி வரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

உள்ளே ஒரு பந்தி வரிசை. முதல் ஆட்கள் பெருங்கட்டிகளை உடைத்து மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று பிரித்து, அவற்றைச் சர்க்கரையாகவும் அமினோ அமிலமாகவும் கரைக்கிறார்கள். அடுத்தவர்கள் அதைத் தின்று புளிப்பு அமிலங்களாகக் கழிக்கிறார்கள். அந்த அமிலங்களைத் தின்று இன்னொரு கூட்டம் அசெட்டேட்டும் ஹைட்ரஜனும் கழிக்கிறது. கடைசிப் பந்தியில் இரண்டு கூட்டம்: அசெட்டேட்டைத் தின்று மீத்தேன் விடுவது ஒன்று, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்குவது மற்றொன்று. மீத்தேனில் ஏறத்தாழ எழுபது சதவீதம் முதல் கூட்டத்தின் கைங்கரியம். இதில் விசேஷம் என்னவென்றால், புரோப்பியோனேட் என்கிற அமிலத்தைத் தின்கிறவர்களால், சுற்றிலும் ஹைட்ரஜன் ஒரு வளிமண்டல அழுத்தத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால்தான் பிழைக்க முடியும். ஆனால் அந்த ஹைட்ரஜன் அவர்கள் கழித்ததுதான். தன் கழிவைப் பக்கத்திலிருப்பவன் அந்தந்த நிமிடமே தின்றால்தான் தான் தின்ன முடியும். இதை வைத்து 'கூட்டுவாழ்வு' பற்றி ஒரு உருவகம் கட்டக் கை பரபரக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.

இத்தனை பொருட்களை ஒரே கணக்கில் எப்படி எழுதுவது? சர்க்கரையும் கொழுப்பும் மீத்தேனும் எடையில் ஒப்பிட முடியாதவை. இதற்கு ஒரு பொது அளவு: ஒரு பொருளை முழுக்க எரித்து முடிக்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படும் என்பது. வேதி ஆக்ஸிஜன் தேவை என்று பெயர். மூலதனம் முதல் பாகத்தின் முதல் அத்தியாயம் படித்தவர்களுக்கு உடனே மூக்கில் வியர்க்கும்: குணங்களைத் துடைத்தெறிந்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்குவது பரிவர்த்தனை மதிப்பல்லவா! எனக்கும் அப்படித்தான் வியர்த்தது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மூடிய தொட்டிக்குள் ஆக்ஸிஜன் போகாது. ஆகவே எதுவும் எரியாது. உள்ளே போன ஆக்ஸிஜன் தேவை அத்தனையும் அப்படியே மீத்தேனாகவோ, நுண்ணுயிர் உடம்பாகவோ, செரிக்காத மிச்சமாகவோ வெளியே வந்தாக வேண்டும். ஒரு கிலோ ஆக்ஸிஜன் தேவை மீத்தேனானால் 0.35 கனமீட்டர் வாயு, பூஜ்ய டிகிரிக் கணக்கில். கூடவும் கூடாது குறையவும் கூடாது. இதில் உபரி மதிப்பு கிடையாது. அதிகாரி எழுதும் அறிக்கையில் வாயு இதைவிட அதிகம் வந்ததாக இருந்தால், ஒன்று மீட்டர் பொய், இல்லை அறிக்கை பொய். நம்முடைய எந்தக் கோட்பாட்டுக் கருவிக்கும் இவ்வளவு தெளிவாகப் பொய்யைப் பிடிக்கும் பல் கிடையாது.

வேகத்துக்கான சமன்பாடு ழாக் மோனோவுடையது. பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1942இல் வெளிவந்தது அவருடைய பாக்டீரியா வளர்ச்சி ஆய்வு; அந்த ஆண்டுகளில் அவர் எதிர்ப்பியக்கத்தில் தலைமறைவு வேலைகளிலும் இருந்தார். (நோபல் பரிசு 1965இல் வேறு கண்டுபிடிப்புக்கு.) அவர் சொன்னது எளிது. இரை கூடக்கூடத் தின்னும் வேகம் கூடும், ஆனால் ஒரு உச்சத்துக்கு மேல் போகாது. இலையில் எவ்வளவு போட்டாலும் வயிறு ஒன்றுதான். உச்ச வேகம் ஒரு எண். அந்த வேகத்தில் பாதியை எட்ட எவ்வளவு இரை வேண்டும் என்பது இன்னொரு எண். இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை வந்தது.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், வாசகரும் போடலாம். அசெட்டேட் தின்னும் மீத்தேன் நுண்ணுயிர் ஒரு கிலோ, நாளுக்கு அதிகபட்சம் 8 கிலோ தின்னும் என்று மாதிரியில் வைத்துக்கொள்கிறார்கள். தின்றதில் நூற்றுக்கு ஐந்துதான் உடம்பாகும். ஆக, வளர்ச்சி நாளுக்கு அதிகபட்சம் 0.4. சாவு நாளுக்கு 0.02. பாதி வேகத்துக்கான இரை, கனமீட்டருக்கு 150 கிராம். எல்லா எடையும் மேற்சொன்ன ஆக்ஸிஜன் கணக்கில். கசடு தொட்டியில் 20 நாள் தங்கினால், தினமும் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05, வெளியே போகிறது. சாவையும் சேர்த்தால் 0.07. அந்த அளவுக்காவது வளர்ந்தால்தான் கூட்டம் நிலைக்கும். அதற்குத் தேவையான இரை: 150ஐ 0.07ஆல் பெருக்கி, 0.4க்கும் 0.07க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 32 கிராம் வருகிறது. அதாவது தொட்டியில் தின்னப்படாமல் மிஞ்சும் அசெட்டேட் அவ்வளவுதான். தங்கும் காலத்தை 10 நாளாக்கினால் 64 கிராம். 5 நாளாக்கினால் 183. 3 நாளாக்கினால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். இரண்டரை நாளாக்கினால்? தேவைப்படும் வளர்ச்சி 0.42, முடிந்தது 0.4. எவ்வளவு இரை போட்டாலும் பிரயோஜனமில்லை, கூட்டம் முழுக்க அடித்துக்கொண்டு போய்விடும். கீழ்நோக்கி மெல்லச் சரியும் சரிவாக இல்லை இது. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கால் வைக்க இடமில்லாமல் போகிற பள்ளம். அனுபவத்தில் பொறியாளர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று விழுவதற்கு முன்பே சொன்னது கணக்கு.

மாணவரோடு ஒரு நிலையத்துக்கும் போய்வந்தேன். தொட்டிக்கு மேலே ஏறும் படியில் நின்றுகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், எங்கள் கையிலிருந்த கருவிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீட்டரு சொல்றதுக்கு முன்னாடி மூக்கு சொல்லிடும் சார். புளிச்சுப்போச்சுன்னா அன்னைக்கே தெரியும்." புளித்துப்போவது என்றால் இதுதான்: ஏதோ காரணத்தால் மீத்தேன் கூட்டம் கொஞ்சம் தளர்கிறது, அமிலம் தின்னப்படாமல் சேர்கிறது, அமிலம் சேரச்சேர மீத்தேன் கூட்டத்துக்கு அது விஷம், இன்னும் தளர்கிறது. இதை 1968இல் சமன்பாட்டில் ஏற்றியவர் ஜான் ஆண்ட்ரூஸ். மோனோவின் வளைவு உச்சத்தில் தட்டையாக நிற்கும்; ஆண்ட்ரூஸ் வளைவு உச்சம் ஏறிக் கீழே இறங்கும், அதிகமான இரையே விஷமாவதால். இந்தச் சின்னத் திருத்தத்தின் விளைவு பெரிது. ஒரே தொட்டி, ஒரே கசடு, ஒரே வேகம். ஆனால் எங்கிருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்து ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்று புளித்துச் சாகும். தொட்டிக்கு வரலாறு உண்டு என்கிறது சமன்பாடு. 'அறிவியல் வரலாற்றை நீக்கிவிடுகிறது' என்று நான் எழுதிய பழைய கட்டுரை ஒன்று நினைவுக்கு வந்து சங்கடப்படுத்தியது.

பிறகு பல பேர் பல மாதிரிகள் எழுதினார்கள், ஒருவர் கணக்கு இன்னொருவருக்குப் புரியாத நிலை. 1997இல் ஜப்பானின் செண்டாய் நகரில் நடந்த மாநாட்டை ஒட்டிப் பல நாட்டு ஆய்வாளர்களின் பணிக்குழு ஒன்று அமைந்தது. டேமியன் பாட்ஸ்டோனும் மற்றவர்களும் எழுதிய 'காற்றில்லாச் செரிமான மாதிரி எண் ஒன்று' 2002இல் சர்வதேச நீர்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதில் ஏழு நுண்ணுயிர்க் கூட்டங்கள், பத்தொன்பது வினைகள். நொறுங்குவது ஒன்று, கரைவது மூன்று, தின்பது எட்டு, சாவது ஏழு. செத்த நுண்ணுயிர்களின் உடல் மறுபடி முதல் வரிசைக் கலவையோடு சேர்ந்து இரையாகும். இதற்கு மேல், நீரிலிருந்து வாயு பிரிந்து மேலே வருவதற்கு மூன்று கணக்குகள்: மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன்.

மூன்றுதான். நான்காவதாக ஒரு வாயு இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை, மாணவர்தான் சொன்னார். ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். சல்பேட் சிறுநீரிலும் சோப்புத்தூளிலும் குடிநீரிலும் இருக்கிறது. அதைச் சுவாசித்து வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் கூட்டத்தோடு அதே ஹைட்ரஜனுக்கும் அதே அசெட்டேட்டுக்கும் போட்டி போட்டுக்கொண்டு இந்த வாயுவைக் கழிக்கின்றன. 2002 மாதிரியில் இந்த வினை கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல; இன்னின்னவற்றை விட்டிருக்கிறோம் என்று எழுதிவைத்தே விட்டார்கள். சாதாரண நகரக் கசடில் சல்பேட் குறைவு, அதைச் சேர்த்தால் கணக்கு கனத்துவிடும் என்பது நியாயமான காரணந்தான். மூலக் குழுவிலேயே இருந்த கல்யூஸ்னி, மற்றவர்களோடு சேர்ந்து 2003இல் சல்பேட் ஒடுக்கத்தை மாதிரியில் ஏற்றவும் செய்தார். சல்பேட் மிகுந்த ஆலைக் கழிவுக்கு அது தேவைப்பட்டது. இந்த வாயு மின்சார எஞ்சினை அரிக்கும் என்பதும் உண்டு.

நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்: "தமிழ்நாட்டுல இந்த வாயு எஞ்சினையா அரிக்குது?" அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாடலுக்கு எல்லை வேணும்ணே. எல்லாத்தையும் உள்ள போட்டா அது ஒண்ணும் சொல்லாது" என்றார். அவர் சொன்னது சரி. அல்துஸ்ஸர் வழி பிரதியின் மௌனத்தை வாசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் நம் கட்டுரைகளின் முடிவில் 'கீழ்க்கண்டவை இங்கே கருதப்படவில்லை' என்று ஒரு பட்டியல் போட்டதுண்டா? தன் மௌனத்தைத் தானே அறிவித்துவிட்ட பிரதியிடம் சண்டை போடுவது சிரமம். ஆனால் அது எங்கே எல்லை போட்டது என்று பார்க்கலாம். எல்லை தொட்டியின் வாசலில். கசடு அங்கே 'உள்வருகை' என்ற பெயரில் ஒரு எண்ணாக வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் அது பல கிலோமீட்டர் குழாய்க்குள்ளும், ஆள்நுழைவுக் குழிக்குள்ளும், வீடுகளின் செப்டிக் டேங்குகளுக்குள்ளும் கிடந்தது. அங்கேயும் காற்றில்லை. அங்கேயும் அதே நுண்ணுயிர்கள், அதே மோனோ.

பத்திரிகைச் செய்தியின் வாக்கியத்தைக் கவனியுங்கள்: 'விஷவாயு தாக்கி இருவர் பலி'. தாக்கியது யார்? வாயு. இலக்கணப்படி எழுவாய் அதுதான். இறக்கியவர், இறங்கச் சொன்னவர், ஒப்பந்தக்காரர் எவரும் வாக்கியத்தில் இல்லை. எங்கிருந்தோ வந்து பாய்ந்த விலங்கு மாதிரி வாயு. நம்முடைய கோபக் கட்டுரைகளும் இந்த வாக்கியத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. வாயு எப்படி வந்தது என்று நாம் கேட்கவில்லை.

எப்படி வருகிறது என்பது தெரிந்த சங்கதி. குழாயின் நனைந்த சுவரில் படியும் வழுவழுப்பிலும் அடி வண்டலிலும் சல்பேட் ஒடுங்குகிறது. வெயில் ஏற ஏற வேகம் கூடும். ஓட்டம் நின்றால், அடைப்பு விழுந்தால், தங்கும் காலம் நீளும், சல்பைடு சேரும். அது முழுக்க வாயுவாக வெளியே வந்துவிடாது. நீரில் கரைந்து காத்திருக்கும். அமில நிலை எண் 7 என்றால் பாதிக்குப் பாதி வாயுவாகக்கூடிய வடிவில் இருக்கும். புளிப்பு ஏற ஏற அந்தப் பங்கு கூடும். வெளியே வரும் வேகத்தைத் தீர்மானிப்பது நீர் எவ்வளவு கலக்கப்படுகிறது என்பது. தொட்டியில் கலக்குவதற்குக் கருவி இருக்கிறது. குழியில் இறங்குகிற மனிதரின் காலும் அவர் கையிலிருக்கும் குச்சியுமே கலக்கும் கருவி. அதனால்தான் மேலே நின்று பார்க்கும்போது ஒன்றுமில்லாத குழி, இறங்கி அடைப்பை எடுத்த நொடியில் கொல்கிறது. மாதிரியில் மற்ற மூன்று வாயுக்களுக்கு எழுதிய அதே வடிவச் சமன்பாடு இதற்கும் பொருந்தும்.

மூக்கு சொல்லிவிடும் என்றாரே அந்தத் தொழிலாளி, அது இந்த வாயுவிடம் செல்லாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே நாற்றம் தெரியும். நூறு பங்கு வாக்கில் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சுக்குள் ஆள் சாய்ந்துவிடுவார். தூக்கிவிட இறங்குகிற இரண்டாமவர் சாவதும் இப்படித்தான். இறங்குகிறவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் 'எதிர்பாராத விபத்து' என்பதை ஒப்புக்கொள்ளலாம். 1970களிலேயே அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பொமராய் சாக்கடைக் குழாயில் சல்பைடு எவ்வளவு சேரும் என்பதற்குச் சமன்பாடு கொடுத்துவிட்டார். அவருடைய இன்னொரு சமன்பாட்டில், அந்த வாயு அமிலமாகிக் குழாயின் கான்கிரீட்டை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் கரைக்கும் என்று விடை வரும். குழாயின் ஆயுளைக் கணக்குப் போட்டே குழாய் வாங்குகிறார்கள். ஆகவே குழிக்குள் வாயு இருக்கும் என்பது எதிர்பார்க்கப்பட்டது, எண்ணோடு எதிர்பார்க்கப்பட்டது. 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றங்களில் இந்த வழக்குகளை நடத்தும் தோழர்கள் 'கவனக்குறைவு' என்பதோடு நின்றுவிடாமல், இன்ன வெயிலில், இத்தனை நாள் அடைந்து கிடந்த, இன்ன ஆழக் குழியில் எவ்வளவு வாயு இருந்திருக்கும் என்று ஒரு பொறியாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும் என்பது என் யோசனை. அந்தக் கணக்குக்குப் பிறகு அந்த வாக்கியத்தின் எழுவாயாக வாயு இருக்க முடியாது.

ஆய்வுச் சுருக்கத்தை மறுபடி எழுதிக் கொடுத்தேன். 'அடித்தளம்' போய் 'இரை' வந்தது. கடைசியில், சல்பேட் ஒடுக்கம் இம்மாதிரியில் கருதப்படவில்லை, கருத வேண்டிய இடங்கள் உண்டு என்று இரண்டு வரி சேர்த்திருந்தேன், மாணவரும் ஒப்புக்கொண்டார். அச்சாகி வந்த பிரதியை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். புரட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு வரியும் இல்லை. கேட்டதற்கு, தமிழ்ச் சுருக்கம் நாலு பக்கத்தைத் தாண்டக் கூடாதாம், அலுவலகத்தில் வெட்டச் சொன்னார்கள் என்றார். "ஆனா இங்கிலீஷ்ல மூணாவது அத்தியாயத்துல இருக்குண்ணே."